காதலின் கணக்கு

ஆங்கில நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும்போதெல்லாம் ஊர் பேசுவது காதலைப் பற்றி. அந்தத் தொடர்களை முப்பது, ஐம்பது வருடம் கழித்தும் பார்க்கவைப்பது அந்தக் காதலுக்கு அடியில் ஓடும் வரவு செலவு.

1995-ல் பிபிசி ஒளிபரப்பிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரின் முதல் பாகத்தில், படுக்கப்போகும் நேரத்தில் அக்கா ஜேனும் தங்கை எலிசபெத்தும் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. பேச்சு கல்யாணத்தைப் பற்றியது. வருடத்துக்கு வெறும் ஐம்பது பவுண்டோடு வரும் தன்னை ஒருவன் மனசார ஏற்றுக்கொள்வான் என்றால், அவனையும் தனக்குப் பிடித்திருந்தால், அதுவே போதும் என்கிறாள் எலிசபெத். விளையாட்டாகத்தான் சொல்கிறாள். ஆனால் அந்த ஒரு எண்ணிலேயே பார்வையாளருக்குக் கதையின் அடித்தளம் கிடைத்துவிடுகிறது. ஜேன் ஆஸ்டினின் நாவலில் இந்த உரையாடல் இல்லை. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது.

ஐம்பது பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். எலிசபெத்தின் பென்னட் குடும்பத்துக்கு நிலத்திலிருந்து வருட வருமானம் 2,000 பவுண்டு. வீட்டில் ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. சொத்து ஆண் வாரிசுக்கு மட்டுமே போகவேண்டும் என்று முன்னோர் எழுதிவைத்த கட்டு இருக்கிறது. அப்பா கண்ணை மூடினால் வீடு, நிலம் எல்லாம் தூரத்து உறவினரான பாதிரியார் காலின்ஸுக்குப் போய்விடும். பெண்களுக்கு மிஞ்சுவது அம்மாவின் பெயரில் இருக்கும் 5,000 பவுண்டு. அதுவும் அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான். ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு ஆயிரம். அந்த ஆயிரத்தின் வட்டியைத்தான் எலிசபெத் சொல்கிறாள்.

பக்கத்து ஊரில் புதிதாகக் குடிவந்த பிங்லிக்கு வருடத்துக்கு நாலைந்தாயிரம். அவனுடைய நண்பன் டார்சிக்கு 10,000. ஆஸ்டின் தன் பாத்திரங்களின் வருமானத்தைப் பேர் சொல்லும்போதே சொல்லிவிடுவார். இந்த எண்களைக் கழற்றிவிட்டால் அந்தக் கதையில் ஒவ்வொருவரும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று புரியாது. நல்ல தொடர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன.

ஈரச் சட்டையின் புகழ்

1995 செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமை இரவுகள். இயக்கம் சைமன் லாங்டன், தயாரிப்பு சூ பர்ட்விசில். எலிசபெத்தாக ஜெனிஃபர் ஈலி, டார்சியாக காலின் ஃபர்த். கடைசி பாகத்தைப் பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருது ஈலிக்குக் கிடைத்தது. டார்சியின் மாளிகையாக வெளிப்புறத்தில் காட்டப்பட்ட செஷர் மாவட்டத்து லைம் பார்க்குக்கு, தொடருக்குப் பிறகு வருகையாளர் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது.

இவ்வளவுக்கும் காரணமாக எல்லோரும் சொல்வது நான்காம் பாகத்தில் வரும் ஒரு காட்சி. வெயிலில் குதிரையில் வந்த டார்சி குளத்தில் குதிக்கிறான். ஈரச் சட்டையோடு வீட்டை நோக்கி நடக்கும்போது எலிசபெத் எதிரே வந்துவிடுகிறாள். இதுவும் நாவலில் இல்லாதது. ஹெலன் ஃபீல்டிங் எழுதிய ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ்’ கதைகளின் நாயகனுக்கு டார்சி என்று பெயர் விழுந்ததும், 2001-ல் வந்த படத்தில் அந்தப் பாத்திரத்தில் அதே ஃபர்த் நடித்ததும் இந்தக் காட்சியின் வாரிசுகள்.

காட்சி அழகுதான். அதற்காக இந்தத் தொடரை அழகான ஆண்மகன் ஒருவனின் கதையாக நினைவில் வைத்துக்கொள்வது அதற்குச் செய்யும் அநியாயம். எலிசபெத் அன்று சந்திப்பது ஒரு மனிதனை மட்டுமா? டார்சி முன்பு மணக்கக் கேட்டபோது அவள் மறுத்துவிட்ட வாழ்க்கையின் முழு அளவையும் அன்றுதான் நேரில் பார்க்கிறாள். குளம், காடு, ஏரிக்கரையில் நிமிர்ந்து நிற்கும் மாளிகை, உள்ளே எஜமானனைப் புகழும் வேலைக்காரம்மா. இந்த வீட்டுக்குத் தான் எஜமானி ஆகியிருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வருவதை ஆஸ்டின் மறைக்கவில்லை. தொடரும் மறைக்கவில்லை. பணத்தையும் பாலுறவு ஈர்ப்பையும் கதையின் இரண்டு இயந்திரங்களாக வைத்தே எழுதியதாக டேவிஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றதைக் கவனிக்கவேண்டியது நம் பொறுப்பு.

ஷார்லட் தேர்ந்தெடுத்த அறை

அந்த மற்றதைப் பார்க்க ஷார்லட் லூகாஸைப் பார்த்தால் போதும். எலிசபெத்தின் உயிர்த்தோழி, வயது 27, அழகி இல்லை, பணமும் இல்லை. எலிசபெத் மறுத்த காலின்ஸை, மூன்றே நாளில் அவள் ஏற்றுக்கொள்கிறாள். காலின்ஸ் யாராலும் சகிக்கமுடியாத மனிதர். டேவிட் பாம்பர் அவரை எண்ணெய் வழியும் தலையோடும் தேய்ந்த மரியாதைச் சொற்களோடும் நடித்துக் காட்டும்போது நாம் சிரிக்கிறோம். ஆனால் எலிசபெத்திடம் அவர் சொல்லும் ஒரு வார்த்தை சிரிப்புக்குரியதல்ல: அவளிடம் இருக்கும் சொற்பத் தொகைக்கு இன்னொருவன் கேட்டு வருவான் என்று உறுதியில்லை. கணக்குப்படி அவர் சொன்னது சரி. அது சரியென்று தெரிந்தும் எலிசபெத் மறுக்கிறாள் என்பதுதான் அவளுடைய துணிச்சலின் எடை.

மூன்றாம் பாகத்தில் எலிசபெத் தோழியின் வீட்டுக்குப் போகிறாள். கணவர் தோட்டவேலை செய்வதைத் தான் மிகவும் ஊக்குவிப்பதாக ஷார்லட் சொல்கிறாள். சாலையைப் பார்த்த அறை அவருக்கு, பின்னால் இருக்கும் அறை தனக்கு. நாளெல்லாம் இருவரும் சேர்ந்திருப்பது சில நிமிடம்தான். லூசி ஸ்காட் இதை ஒரு குற்ற உணர்வும் இல்லாமல், புகாரும் இல்லாமல், வீட்டு நிர்வாகம் சொல்லும் குரலில் சொல்கிறார். எலிசபெத்தின் முகத்தில் பரிதாபம் வந்து, கொஞ்ச நேரத்தில் அது மரியாதையாக மாறுகிறது. தொடர் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான். காதலித்து மணக்கவேண்டும் என்ற லட்சியத்துக்கு விலை கொடுக்கமுடியாதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று, அவர்களைக் கேவலப்படுத்தாமல் காட்டும் காட்சி.

ஆஸ்டினுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி இல்லை. 1802 டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்ற நிலக்கிழாரின் மகன் அவரைக் கேட்டபோது சம்மதம் சொன்னார். மறுநாள் காலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1805-ல் அப்பா இறந்தபின் அம்மாவும் இரு மகள்களும் ஆண்மக்கள் கொடுத்த பணத்தையும் நம்பி வாழ்ந்தார்கள். 1809-ல் அண்ணன் எட்வர்ட் சாட்டன் கிராமத்தில் கொடுத்த வீட்டில்தான் அவருக்கு நிலையான கூரை கிடைத்தது. 1813-ல் வெளியான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் உரிமையை அவர் விற்றது 110 பவுண்டுக்கு. எலிசபெத்துக்கு டார்சியைக் கொடுத்தவர், ஷார்லட் நின்ற இடத்தில் நின்று பார்த்தவர்.

ஒரு கல்யாணத்தின் விலைப்பட்டியல்

கதையின் கடைசிப் பகுதியில் எலிசபெத்தின் கடைசித் தங்கை, பதினாறு வயது லிடியா, விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போகிறாள். இவன் இதற்கு முன் டார்சியின் தங்கையைக் கவரப் பார்த்தவன். அவளிடம் இருந்தது 30,000 பவுண்டு. பிறகு 10,000 பவுண்டுக்கு வாரிசான இன்னொரு பெண்ணின் பின்னால் போனவன். லிடியாவிடம் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அவளை மணக்க அவனுக்கு எண்ணமும் இல்லை. மணக்கவைக்க வேண்டுமென்றால் அவனுடைய ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட கடனை அடைக்கவேண்டும், லிடியாவின் பேருக்கு இன்னொரு ஆயிரம் எழுதவேண்டும், ராணுவத்தில் பதவி வாங்கித் தரவேண்டும். டார்சி யாருக்கும் தெரியாமல் இதையெல்லாம் செய்கிறான்.

நாவலில் இது கடிதங்கள் வழியாகத் தெரியவருகிறது. தொடரில் டார்சி லண்டன் சந்துகளில் அலைந்து அந்த ஜோடியைக் கண்டுபிடிப்பதையும் பேரம் பேசுவதையும் நேராகப் பார்க்கிறோம். டார்சியின் காதலுக்கு நிரூபணம் குளத்தில் இல்லை, இங்கே இருக்கிறது. தன் பணத்தைப் பெருமைக்குச் செலவழித்துவந்தவன், தனக்கு நன்றிகூட வந்து சேராத இடத்தில் செலவழிக்கிறான்.

இறுதியில் ஜேன், எலிசபெத் இருவருக்கும் ஒரே நாளில் கல்யாணம். திருமணம் எதற்காக ஏற்பட்டது என்று பாதிரியார் சர்ச்சில் வாசிக்க வாசிக்க, கேமரா கதையின் மற்ற ஜோடிகளிடம் போகிறது. பாவத்திலிருந்து காக்க என்ற இடத்தில் லிடியாவும் விக்கமும் தெரிகிறார்கள். மங்கலமான காட்சியின் நடுவே, கல்யாணம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விதமான வாழ்க்கை அடைந்து கிடக்கிறது என்று காட்டிவிடுகிறார்கள்.

வாரம் ஒரு பாகம்

இதே நாவல் 1940-ல் லாரன்ஸ் ஒலிவியர் நடித்தும், 2005-ல் கீரா நைட்லி நடித்தும் சினிமாவாக வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் எலிசபெத்தும் டார்சியும் சேரவேண்டும். ஷார்லட்டுக்கு அதில் சில நிமிடங்கள்தான் மிஞ்சும். தொலைக்காட்சிக்கு ஐந்தரை மணி நேரம் இருந்தது. டார்சி கேட்பதும் எலிசபெத் மறுப்பதும் மூன்றாம் பாகத்தின் முடிவில், சரியாகப் பாதி வழியில் வருகிறது. அடுத்த ஞாயிறு வரை நாடே அந்த மறுப்போடு இருந்தது. மனசு மாறுவதற்கு நாள் பிடிக்கும் என்பதை ஒரு தொடர்தான் பார்வையாளரின் சொந்த நாட்களைக் கொண்டே உணர்த்தமுடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய நாவல்கள் பல பிறந்ததே தவணை தவணையாகத்தான். எலிசபெத் கேஸ்கலின் ‘நார்த் அண்ட் சவுத்’ 1854-55-ல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ 1871-72-ல் எட்டுப் பகுதிகளாக வெளியானது. கேஸ்கலின் ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’ தொடர்கதையாக வந்துகொண்டிருக்கும்போதே, 1865-ல், முடிவை எழுதாமலே அவர் இறந்துபோனார். 1999-ல் அதை பிபிசி எடுத்தபோது முடிவை எழுதும் பொறுப்பு டேவிஸுக்கு வந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து வாசித்த கதைகள், வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் கதைகளாக மறுபிறவி எடுத்தன.

இதன் வலிமையை பிபிசி முதலில் முழுதாக உணர்ந்தது 1967-ல். ஜான் கால்ஸ்வர்தியின் நாவல்களிலிருந்து எடுத்த ‘ஃபோர்சைட் சாகா’, கருப்பு வெள்ளையில் 26 பாகம். 1968-ல் ஞாயிறு இரவுகளில் மறு ஒளிபரப்பானபோது சர்ச்சுகள் மாலை வழிபாட்டு நேரத்தையே மாற்றிக்கொண்டன. இறுதி பாகத்தைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர். சோவியத் யூனியனுக்கு விற்கப்பட்ட முதல் பிபிசி தொடரும் இதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு

ஆஸ்டினின் கதைகள் கல்யாணத்தில் முடிகின்றன. ‘ஃபோர்சைட் சாகா’ அதற்குப் பிறகு தொடங்குகிறது. சோம்ஸ் ஒரு வழக்கறிஞர். ஓவியம் வாங்குவான், வீடு கட்டுவான், பணத்தை முதலீடு செய்வான். மனைவி ஐரீனும் அவன் சம்பாதித்த உடைமைகளில் ஒன்று. அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஒரு இரவு அவளை அவன் பலவந்தப்படுத்துகிறான். எரிக் போர்ட்டரும் நைரி டான் போர்ட்டரும் நடித்த அந்தக் காட்சிக்குப் பின், தவறு யார் பக்கம் என்று பிரிட்டிஷ் வீடுகளில் விவாதம் நடந்தது. சோம்ஸின் பக்கம் பேசியவர்களும் நிறைய. சட்டமும் அப்போது சோம்ஸின் பக்கம்தான் இருந்தது. மனைவியைப் பலவந்தப்படுத்துவதும் குற்றமே என்று இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1991-ல். நாவலின் முதல் பகுதி வெளியானது 1906-ல். ஒரு நாவலாசிரியர் கேட்ட கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல 85 வருடம் ஆனது. இடையில் அந்தக் கேள்வியைக் கோடிக்கணக்கான வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுபோனது ஒரு சீரியல்.

1994-ல் வந்த ‘மிடில்மார்ச்’ இன்னும் நுட்பமானது. டொரொத்தியா, கல்விமான் என்று நம்பி வயதில் மிக மூத்த கசாபனை மணக்கிறாள். அவர் செத்த பிறகுதான் உயிலின் பின்சேர்க்கை வெளியே வருகிறது: லாடிஸ்லாவ் என்ற இளைஞனை அவள் மணந்தால் சொத்து கிடையாது. இறந்த மனிதரின் கை அவளுடைய அடுத்த கல்யாணத்தின்மீது நீள்கிறது. அதே ஊரில் டாக்டர் லிட்கேட், அழகி ரோசமண்டை மணந்து, மேஜை நாற்காலி வாங்கிய கடனிலேயே தன் ஆராய்ச்சிக் கனவுகளை இழக்கிறான். ஒரு கல்யாணம் எப்படி மெல்ல மெல்லப் புளித்துப்போகிறது என்பதைக் காட்ட ஆறு பாகம் தேவைப்பட்டது. லிங்கன்ஷரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரத்தில் படமான அந்தத் தொடர், எலியட்டின் கனத்த நாவலை மறுபடி விற்பனைப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது.

1996-ல் வந்த ‘த டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ ஆன் பிராண்டியின் 1848 நாவல். குடிகாரக் கணவனிடமிருந்து மகனைக் காப்பாற்ற ஹெலன் வீட்டைவிட்டு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு, ஓவியம் விற்றுப் பிழைக்கிறாள். சட்டப்படி அந்தக் குழந்தை அப்பனுக்குச் சொந்தம். அவள் சம்பாதிக்கும் காசும் கணவனுக்குச் சொந்தம். கல்யாணமான பெண் தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் முழு உரிமை வந்தது 1882-ல். 1857-ல் வந்த விவாகரத்துச் சட்டமும், மனைவி துரோகம் செய்தாள் என்றால் கணவனுக்கு அது ஒன்றே போதும் என்றது. மனைவி கேட்டாலோ துரோகத்தோடு கொடுமை போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்கச் சொன்னது. 1923 வரை இதுதான் நிலைமை. இந்தச் சட்டங்கள் மனதில் இருந்தால், எலிசபெத் டார்சியின் குணத்தை ஏன் அவ்வளவு காலம் சோதித்துப் பார்க்கிறாள் என்பது விளங்கும். தப்பான ஆளுக்குச் சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் வழியே கிடையாது.

கடன் கொடுக்க வந்தவள்

பணம் பெண்ணின் கைக்கு வந்தால் காதல் எப்படிப் பேசும்? 2004-ல் சாண்டி வெல்ச் எழுதிய ‘நார்த் அண்ட் சவுத்’ இதற்கு விடை. தெற்கத்திப் பாதிரியாரின் மகள் மார்கரெட், பஞ்சு தூசி பனியாகப் பறக்கும் வடக்கத்தித் தொழில் நகரத்துக்கு வந்து, மில் முதலாளி தார்ன்டனோடு மோதுகிறாள். அவன் முதலில் கேட்டபோது மறுக்கிறாள். வேலைநிறுத்தமும் வியாபாரச் சரிவும் அவன் மில்லை மூடவைக்கின்றன. அவளுக்கோ எதிர்பாராத சொத்து வந்து சேர்கிறது. கதையின் உச்சத்தில் அவள் அவனிடம் சொல்வது, வங்கியில் குறைந்த வட்டிக்குக் கிடக்கும் தன் பணத்தை மில்லுக்குக் கடனாகத் தருகிறேன் என்பது. நாவலில் தொகைகூடத் துல்லியம்: 18,057 பவுண்டு. வெல்ச் அதை ஒரு ரயில் நிலையத்துக்கு மாற்றினார். ரிச்சர்ட் ஆர்மிடேஜும் டானியலா டென்பி-ஆஷும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வட்டிக் கணக்கு திக்கித் திணறி, முத்தத்தில் முடிகிறது. கணக்கு அங்கே காதலுக்குத் தடையாக இல்லை. அவனுடைய தன்மானம் கெடாமல் கை கொடுக்க அவளுக்குக் கிடைத்த ஒரே கண்ணியமான பாஷை அதுதான்.

இந்தக் கணக்கு காரைக்குடிக்கும் வந்தது. ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில், தந்தை இறந்தபின் மாற்றாந்தாயின் பெண்களான தங்கைகளுக்கு 3,000 பவுண்டு தரலாம் என்று நினைக்கும் அண்ணனை, அவன் மனைவி பேசிப் பேசி, கடைசியில் ஒன்றுமே தரவேண்டாம் என்ற இடத்துக்குக் கொண்டுவருகிறாள். அந்த நாவலை 2000-ல் ராஜீவ் மேனன் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக்கியபோது, தாத்தாவின் உயிலால் அரண்மனை போன்ற செட்டிநாட்டு வீட்டை இழந்து, தாயும் பெண்களும் சென்னைக்குப் பிழைக்க வருகிறார்கள். தபு நடித்த அக்கா வேலைக்குப் போகிறாள். உடை, மொழி, பாட்டு எல்லாம் மாறியும் கதை ஒட்டியதற்குக் காரணம், வீட்டைப் பறிகொடுத்த பெண்களின் பிரச்சினையை ராஜீவ் மேனன் அப்படியே வைத்துக்கொண்டதுதான்.

இனி எடுப்பவர்களுக்கு

ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டு நிறைந்த 2025-ல், ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை மறுபடி ஆறு பாகத் தொடராக எடுப்பதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. எழுதுபவர் டாலி ஆல்டர்டன். எலிசபெத்தாக எம்மா காரின், டார்சியாக ஜாக் லோடன், அம்மா பென்னட்டாக ஒலிவியா கோல்மன். எந்தத் தலைமுறைக்கும் தன் எலிசபெத்தை உருவாக்கிக்கொள்ள உரிமை உண்டு. பழைய தொடரே போதும் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் புதிதாக எடுக்கும் எவரும் அம்மா பென்னட்டைக் கவனமாகக் கையாளவேண்டும். 1995-ல் அலிசன் ஸ்டெட்மன் அவரைக் கீச்சுக்குரலும் படபடப்புமாக நடித்தார். பலருக்கு அது காதைக் குடைந்தது. ஆனால் அந்த வீட்டில் ஐந்து பெண்களின் எதிர்காலத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர் அவர் மட்டும்தான். அப்பா பென்னட் நூலகத்தில் உட்கார்ந்து எல்லோரையும் கிண்டல் செய்தார். சேமிக்கவேண்டிய காலத்தில் ஒரு காசு சேமிக்கவில்லை. அம்மாவின் பயத்தைக் கோமாளித்தனமாக மட்டும் காட்டும் தொடரில், மகளின் துணிச்சலுக்கும் அர்த்தம் இருக்காது. எதை இழக்கத் துணிந்தாள் என்று தெரியாமல் அவளை எப்படி மெச்சுவது?

மாளிகையையும் நடனத்தையும் மஸ்லின் கவுனையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உயிலையும் கடனையும் வட்டியையும் விட்டுவிடும் தொடர்கள் இன்று பெருகிவருகின்றன. பார்க்கும்வரை கண்ணுக்கு இதமாக இருக்கும். அவற்றில் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் நமக்கு நெஞ்சு பதறாது. அந்த மறுப்பால் அவள் ஒன்றையும் இழக்கவில்லை. ஆஸ்டினும் கேஸ்கலும் எலியட்டும் ஆன் பிராண்டியும் காதலைப் பெரிதாக நினைத்தவர்கள். அதனால்தான் அது எந்த நிலத்தில் முளைக்கவேண்டியிருந்தது என்பதையும் எண்ணிக்கை பிசகாமல் எழுதிவைத்தார்கள். கணக்கை மறைக்காத தொடர்களை நாம் கேட்டு வாங்கவேண்டும். ஒரு பெண் சம்மதம் சொல்வதும் மறுப்பதும் அவளுடைய வாழ்வின் மிகப் பெரிய முடிவு என்று மதிக்கும் தொடர்கள் அவைதான்.